எங்கள் மைதானத்துப் பெனால்டி புள்ளி

கண்ணுகளா, நம் கல்லூரி கப்பை விட்ட அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். என்னப்பா ஆச்சு என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டீர்கள். "தோத்துட்டாய்ங்க, அதான்" என்று சொல்லி முடித்துவிட்டேன். அது பாதிதான். மீதி வாயில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

கல்லூரியில் நான் மார்க்கர். மைதானத்துக்குத் தண்ணீர் விடுவது, பந்துக்குக் காற்று அடிப்பது, கோலுக்கு வலை கட்டுவது, ஆட்டத்துக்கு முன்னால் சுண்ணாம்புத் தூளில் கோடு போடுவது எல்லாம் என் பொறுப்பு. பந்தை நான் உதைத்ததில்லை. ஆனால் எங்கள் பையன்கள் எந்தப் பந்தை எப்படி உதைப்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம்.

போன வருடம் கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டியில் நாம்தான் சாம்பியன். இறுதி ஆட்டம் நம் மைதானத்திலேயே நடந்தது. ஆட்டம் சமன். அணிக்கு ஐந்து பெனால்டி அடிக்கச் சொன்னார்கள். நம் பையன்கள் ஒன்றுகூடத் தவறவிடவில்லை. மினி லாரியில் கப்பை வைத்துக்கொண்டு கோரிப்பாளையம் சிக்னல் வரைக்கும் போனார்கள். நம் கோல்கீப்பர் பையனுக்கு வீடு அங்கேதான். அவன் அத்தா கடையை அடைத்துவிட்டு வந்து எல்லோருக்கும் பிரியாணி போட்டார். எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது. அதை நீங்கள் இரண்டு பேரும்தான் தின்றீர்கள்.

இந்த வருடம் நடப்பு சாம்பியன் என்று பெயர். எங்கே போனாலும் எதிர் அணி அதைச் சொல்லித்தான் கிண்டல் செய்தது. முதல் லீக் ஆட்டம் வெளியூர்க் கல்லூரி ஒன்றில். அந்தப் பையன்கள் பாதிப் பேர் போட்டிருந்த பூட்ஸ் கிழிந்திருந்தது. அவர்களிடம் மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். பஸ்ஸில் திரும்பினோம். மாட்டுத்தாவணியில் இறங்கி அவரவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இது என்ன கனவா என்று எனக்குத் திகைப்பாக இருந்தது.

அந்த ஆட்டத்தில் நம் கேப்டன் ஒரு பெனால்டியைக் கம்பத்துக்கு வெளியே அடித்தான். அலங்காநல்லூர் பக்கத்துப் பையன், மூன்றாம் வருடம். போன வருடம் அவன் அடித்த பெனால்டியில்தான் கப்பே வந்தது. அடுத்த வெளியூர் ஆட்டத்திலும் ஒன்றைத் தவறவிட்டான். அந்த ஆட்டத்தை எப்படியோ ஒரு கோலில் ஜெயித்துவிட்டோம். ஆனாலும் அணியைப் பழக்குகிற பி.டி. சார் அவனை எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைத்துப் பேசினார்.

"தலைக்கனம்டா ஒனக்கு. இன்னொரு தடவ நீ விட்டீன்னா, கைப்பட்டையக் கழட்டி எங்கிட்டக் குடுத்துட்டு ஊருக்குப் போயி மாடு புடி."

கேப்டன் என்பதற்கு அடையாளமாகக் கையில் கட்டும் பட்டை அது. அவன் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் பிள்ளை அவன். அந்தப் பட்டையோடு எடுத்த போட்டோவை அவன் அம்மா பூஜைப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருப்பதாக ஒருநாள் என்னிடம் சொல்லியிருந்தான்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு தனியாக நின்று பெனால்டி அடித்துப் பழகினான். நான்தான் பந்து பொறுக்கிப் போடுவேன். ஐம்பது அடித்தால் ஐம்பதும் உள்ளே போகும்.

"பாத்தீங்களாண்ணே? இங்க போகுது. வெளிய போனா போக மாட்டேங்குது. எனக்குள்ள ஏதோ கெட்டுப்போச்சுண்ணே."

"ஒன்னும் கெடல. கண்ணு பட்டுருக்கும்டா தம்பி."

"யாரு கண்ணு?"

"மினி லாரில நின்னு அம்புட்டு ஆட்டம் ஆடுனீங்களே, ஊரு கண்ணு பூராந்தான்."

சிரித்தான். மறுநாள் நான் சூடம் வாங்கி வந்து அவனை மூன்று சுற்று சுற்றி, பெனால்டி புள்ளியிலேயே வைத்துக் கொளுத்தினேன். கோல்கீப்பர் பையன் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "அண்ணே, அப்படியே எனக்கும் ஒரு தாயத்து கட்டி விடுங்க, மாப்ளைக்கு மட்டும் பாத்தா எப்படி?" என்றான். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

தட்டுத் தடுமாறி அரையிறுதிக்கு வந்துவிட்டோம். அரையிறுதியும் இறுதியும் நம் கல்லூரியில்தான் நடக்க வேண்டும் என்பது அந்தப் போட்டியில் வழக்கம். அதனால் மறுபடியும் நம் மைதானம். எதிரே வந்ததும் போன வருடம் இறுதியில் நம்மிடம் தோற்ற அதே அணி.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. மறுபடியும் பெனால்டி. நம் பையன்கள் அப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நம் மைதானத்துப் பெனால்டியில் நம்மை யாரும் ஜெயித்ததில்லை. எனக்கும் நெஞ்சு லேசாகிவிட்டது. காலிப் பந்துப் பையை மடித்து வைத்தேன்.

அவர்களுடைய கோல்கீப்பர் ஒரு நெட்டைப் பையன். கோலுக்குள் போய் நின்றான். புள்ளியைப் பார்த்தான். திரும்பவும் வெளியே வந்து நடுவரிடம் போனான்.

"சார், இந்தப் புள்ளி கிட்டக்க இருக்கு சார்."

"ஆரம்பிச்சிட்டாய்ங்கடா!" என்று நம் பக்கத்தில் ஒருவன் கத்தினான். "பயமா இருந்தா கண்ண மூடிக்கடா தம்பி!"

"போன வருசமே எனக்குச் சந்தேகம் சார். தோத்துட்டுச் சொன்னா அழுகுறான்னுவாய்ங்கன்னு சொல்லல. இன்னைக்கு அடிக்கிறதுக்கு முன்னாடியே சொல்றேன்" என்றான் நெட்டைப் பையன்.

நடுவர் கோல் கோட்டிலிருந்து எட்டி எட்டிக் காலடி வைத்து எண்ணிக்கொண்டே நடந்தார். புள்ளியைத் தாண்டிப் போய் நின்றார். முகம் மாறியது. டேப் கொண்டுவரச் சொன்னார். ஆபீஸில் பூட்டியிருந்த டேப்பை ஒரு பையன் ஓடிப்போய் எடுத்து வந்தான். கோல் கோட்டிலிருந்து புள்ளி முப்பத்தாறு அடி இருக்க வேண்டும். நடுவர் குனிந்து பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"முப்பத்தி மூணே முக்கா."

ரோட்டில் போகிற பஸ் ஹாரன் மட்டும் கேட்டது. பிறகு எதிர் அணிப் பக்கத்திலிருந்து கிளம்பியது பாருங்கள், "திருட்டுக் கப்பு! திருட்டுக் கப்பு!" என்று.

பி.டி. சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் திரும்பியது கேப்டன் பக்கம்.

"தெனமும் சாயங்காலம் இங்க தனியா நின்னது நீதானடா? வெளிய போட முடியலன்னு புள்ளிய நகட்டுனியா?"

"சார்..."

"நீயாடான்னு கேக்குறேன்."

அவன் வாயைத் திறந்தான். கன்னத்தில் அறை வாங்கிய பிள்ளை அழுவதற்கு முன்னால் ஒரு நொடி முழிக்குமே, அந்த முழி.

கண்ணுகளா, எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. நகர்த்தியது நான்தான்.

மற்ற கோடுகள் புல்லில் பழைய தடமாகவே இருக்கும், அதன் மேலேயே சுண்ணாம்பு போட்டுக்கொண்டு போவேன். பெனால்டி புள்ளி அப்படி இல்லை. அங்கே புல் கிடையாது. கால் பட்டுப் பட்டு ஒவ்வொரு ஆட்டத்திலும் அழிந்துவிடும். அதற்கென்று ஒரு கயிறு வைத்திருந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் டேப்பில் அளந்து வெட்டிய கயிறு. ஒரு முனையை கோல் கோட்டில் ஆணியில் மாட்டி, இழுத்துப் பிடித்து, மறு முனை விழுகிற இடத்தில் புள்ளி வைப்பேன். அந்தக் கயிறு மூன்று தடவை அறுந்தது. ஒரு தடவை எலி கடித்தது. ஒரு தடவை மழையில் இற்றது. ஒரு தடவை மாடு மிதித்து இழுத்தது. மூன்று தடவையும், கிணற்றுக் கயிறு அறுந்தால் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தேன். பிசிறை வெட்டிவிட்டு இறுக்கி முடிச்சுப் போட்டேன். கிணற்றுக் கயிறு ஒரு சாண் குறைந்தால் என்ன, வாளி தண்ணீருக்குப் போய்விடும். இது அளவுக் கயிறு என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. ஒரு முடிச்சுக்கு ஒரு சாண். மூன்று சாண் என்பது இரண்டே கால் அடி.

ஆக, நம் பையன்கள் பழகினதெல்லாம் குறைந்த தூரத்தில். அவன் கால் அந்தத் தூரத்துக்குப் படிந்துவிட்டது. வெளியூரில் சரியான புள்ளியில் வைத்து அடித்தால் பந்து கம்பத்தை விட்டு விலகிப் போகாமல் என்ன செய்யும்? அவனுக்குள் ஒன்றும் கெடவில்லை.

இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? "சார், அவன் இல்ல, நான்தேன்." அவ்வளவுதான். வேலை போய்விடும் என்ற பயமா என்றால் அதுகூட இல்லை. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. நடுவர் என்னைக் கூப்பிட்டு, "மார்க்கர், இங்க புள்ளி வைங்க" என்று சரியான இடத்தைக் காட்டினார். முட்டி போட்டு உட்கார்ந்து வைத்தேன். சுண்ணாம்பு சிதறியது. கேப்டன் எனக்கு ஒரு முழ தூரத்தில் நின்றான். அவன் கால் பூட்ஸைப் பார்த்தேன். அப்போதும் சொல்லவில்லை.

பெனால்டி ஆரம்பித்தது. அவர்கள் ஐந்தில் நான்கு போட்டார்கள். நாம் நான்கு பேர் அடித்து மூன்று உள்ளே போயிருந்தது. ஐந்தாவது கேப்டன். அவன் போட்டால் சமன், இன்னும் அடிக்கலாம். தவறினால் முடிந்தது.

அந்தப் பக்கத்துக் கூட்டம் "நகட்டு, நகட்டு, புள்ளிய நகட்டு" என்று கைதட்டிக் கத்தியது. அவன் பந்தை வைத்தான். பி.டி. சாரைத் திரும்பிப் பார்த்தான். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ஓடி வந்து அடித்தான்.

மேல் கம்பியில் பட்ட சத்தம் எனக்குத் தலைக்குள் கேட்டது.

அவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கும்மாளம் போட்டார்கள். நம் பையன்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். கேப்டன் நேராக பி.டி. சாரிடம் போய்ப் பட்டையைக் கழற்றி நீட்டினான்.

"நான் நகட்டல சார்." அவ்வளவுதான் சொன்னான்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கால் வந்தது. ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன். கயிற்றை எடுத்து வந்து சார் காலடியில் விரித்துப் போட்டேன். மூன்று முடிச்சையும் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. கோர்வையாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

சார் கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதுலயா அளந்த? இம்புட்டு வருசமா?" என்றார். அவருக்குக் கோபமே வரவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பட்டையைக் கேப்டன் கையில் திரும்பக் கட்டிவிட முயன்றார். முடிச்சு விழவில்லை. "போ... போயி மூஞ்சியக் கழுவிட்டு வா" என்றார்.

சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. நம் கோல்கீப்பர் மெதுவாகக் கேட்டான்: "அப்ப போன வருசக் கப்பு?"

யாரிடம் கேட்டான் என்று தெரியவில்லை. அவர்களுடைய நெட்டைப் பையன்தான் பதில் சொன்னான்.

"வச்சுக்க மாப்ள. நாங்களும் அதே புள்ளிலதான அடிச்சோம். என்ன, நாங்க ஒரு நாளு அடிச்சோம். நீங்க வருசம் பூரா அடிச்சீங்க."

நம் பையன்கள் ஒவ்வொருவராகப் பையை எடுக்கப் போனார்கள்.

கேப்டன் முகம் கழுவிவிட்டு என்னிடம் வந்தான். திட்டுவான் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"கயிறு அறுந்தா யாரும் முடிச்சுத்தாண்ணே போடுவாங்க. எங்க வீட்லயும் அப்படித்தேன்." முகத்தைச் சட்டையில் துடைத்தான். "ஆனா சார் என்னையக் கேட்டப்ப நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?"

"ஆமாடா."

"நான் அடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"வாரேண்ணே" என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

கயிற்றில் முடிச்சுப் போட்டது அறியாமல் செய்தது. அதற்கு எனக்கு மன்னிப்பு உண்டு. ஐந்தைந்து பெனால்டி அடிக்கிற நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றேனே, அது அறிந்து செய்தது. அந்தப் பையன் அடுத்தவன் பழியைத் தலையில் வைத்துக்கொண்டு பந்தை அடித்தான். அந்தப் பந்து எங்கே போகும்? இதைத்தான் அன்று உங்களிடம் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

எல்லோரும் போன பிறகு வலையைக் கழற்றப் போனேன். வெயில் இறங்கிவிட்டது. நடுவர் அளந்த டேப் பெஞ்சிலேயே கிடந்தது. அதை ஆபீஸில் கொடுக்கலாம் என்று எடுத்தபோதுதான், மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கிற கோல் கண்ணில் பட்டது. அங்கேயும் அதே கயிற்றில் அளந்து வைத்த ஒரு புள்ளி இருக்கிறது. அன்று அதில் யாரும் அடிக்கவில்லை, அதனால் யாருக்கும் அதன் நினைப்பில்லை.

நடந்து போனேன். டேப்பைப் பிடிக்க இன்னொரு ஆள் இல்லை. ஒரு முனையை கோல் கோட்டில் வைத்து அதன் மேல் செங்கல்லைத் தூக்கி வைத்தேன். இழுத்துக்கொண்டே போய் முப்பத்தாறில் நின்று, எண்ணை இரண்டு தடவை பார்த்தேன். பழைய வெள்ளையைக் காலால் தேய்த்து அழித்துவிட்டு, ஒரு கை சுண்ணாம்பு எடுத்துப் புதுப் புள்ளியை வைத்தேன்.