மாலை போட்ட படமும் மூன்று நிமிடக் கதையும்

என் தம்பி பெங்களூரில் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்து, ஃபாரமும் வாங்கி வைத்துவிட்டான். "நீ எவ்வளவுதான்க்கா தனியா பார்ப்பே? அம்மாவை இங்கே சேர்த்துடலாம்" என்றான். அவன் கெட்டவன் இல்லை. மறதி நோய் முற்றிய அம்மா என்னை யாரோ என்பதுபோல் பார்ப்பாள். நான் ஊட்டினால் வாயை இறுக்கிக்கொள்வாள். நாள் முழுக்கச் சேர்த்தால் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஆனாலும் முப்பத்து நான்கு வருடம் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவள் நான். பாதிக் கணக்கில் சாக்பீஸைக் கீழே வைத்துப் பழக்கமில்லை. சண்டை போட்டு ஒரு மாதம் டைம் வாங்கினேன். அதற்குள் அம்மா பேசவில்லை, சாப்பிடவில்லை என்றால் நானே கையெழுத்துப் போடுகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லியும் தொலைத்தேன்.

தில்லைநகரில் நாங்கள் பார்க்கும் டாக்டர்தான் வழி சொன்னார். அம்மாவின் பழைய போட்டோக்களை வரிசையாக வைத்து, குரல் சேர்த்து, மூன்று நிமிட வீடியோவாகச் செய்து டேப்லெட்டில் காட்டச் சொன்னார். "அவங்க கதையை அவங்களுக்கே காட்டுங்க. எங்கயாவது ஒரு இடத்துல பிடிச்சுக்குவாங்க" என்றார்.

ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே மனசுக்குள் பாடத் திட்டம் போட்டுவிட்டேன். பிறந்த ஊர், கல்யாணம், திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருட ஆபரேட்டர் வேலை, நாங்கள் இரண்டு பிள்ளைகள். எல்லாவற்றையும் என் கணீர்க் குரலில் விளக்கினேன். அப்பாவின் முகம் தெளிவாகத் தெரிகிற படம் கூடத்துச் சுவரில் உயரத்தில் மாட்டியிருந்தது ஒன்றுதான். கழுத்து நிமிராத அம்மா அதைப் பார்த்தே வெகு காலம். நான் ஸ்டூல் போட்டு ஏறி, தூசி தட்டி, செல்போனில் அதைப் பிடித்து, வீடியோவில் சேர்த்தேன். என் வேலை எனக்கே அவ்வளவு பிடித்துப் போயிற்று.

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அப்பாவின் முகம் கறையில் அழிந்துபோன கல்யாணப் படத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அடுத்து அப்பா வந்தார். நெற்றிப் பொட்டும் சந்தன மாலையுமாக.

"மாலை போட்டிருக்கே" என்றாள் அம்மா. "ஐயோ, எப்போ? எனக்கு ஏன் யாருமே சொல்லலை?"

நான் டீச்சர் அல்லவா, உண்மையைச் சொன்னேன். "ஒன்பது வருஷம் ஆச்சும்மா."

அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், அழுது தீர்ந்திருக்கும் என்று நினைத்து மறுபடி போட்டேன். மறுபடியும் அதே அலறல், அதே கேள்வி. என்னைப்போல ஒரு மடச்சி உலகத்தில் இருக்க மாட்டாள்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண் தினமும் சமயபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அழுகிற அம்மாவை மடியில் சாய்த்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்:

"ஏன் டீச்சர், ஐயா உசிரோட இருக்கறப்ப எடுத்த வேற போட்டோ ஒண்ணுகூடவா உங்க வீட்டுல இல்லை? மாலை போட்டதைக் காட்டினா, பெரியம்மாவுக்கு இன்னைக்குத்தானே அவரு போயிட்டாரு?"

எனக்கு உறைத்தது. நம் வீடுகளில் படத்துக்கு மாலை போட்டால் அதற்குமேல் வாயால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பெற்ற மகளை மறந்த அம்மா அதை மட்டும் மறக்கவில்லை. நான் மூன்றே நாளில் இரண்டு தடவை அவளுக்கு எழவு சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அன்றைக்கு நானும் சாப்பிடவில்லை.

பீரோவைக் கவிழ்த்துத் தேடினேன். பட்டுப் புடவைகளுக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் கவரில், அம்மாவின் ஆபீஸ் காகிதங்களோடு அந்தப் படம் கிடைத்தது. எக்ஸ்சேஞ்ச் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அப்பா. அரைக்கைச் சட்டை, கலைந்த தலை. கொஞ்சம் மங்கல். ஆனால் ஆள் உயிரோடு இருந்தார்.

இந்த முறை என் குரலைச் சுத்தமாக எடுத்துவிட்டேன். அது எனக்குச் சுலபமாக இல்லை. பழைய போன் மணிச் சத்தம், பிறகு படங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் நல்ல இடைவெளி. அவ்வளவுதான். முதல் நாள் அம்மா பேசாமல் பார்த்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் மணி அடித்தபோது அம்மாவின் கை தானாக உயர்ந்து, இல்லாத ஹெட்செட்டைக் காதில் சரிசெய்தது.

"டிரங்க்ஸ். எந்த ஊர் வேணும்?"

வெளியூருக்குப் பேச ஆபரேட்டரிடம் டிரங்க் கால் புக் பண்ணி, மூன்று மூன்று நிமிடமாக நீட்டிப் பேசிய காலத்துக்கு அம்மா போய்விட்டாள். "மதுரை" என்று உளறினேன்.

"லைன் பிஸி. புக் பண்ணிக்கிறேன், வெச்சிட்டு வெயிட் பண்ணுங்க."

அதற்குள் திரையில் சைக்கிளோடு அப்பா வந்தார். அம்மா சத்தமாகச் சிரித்தாள். "வந்துட்டார் பாரு! ஷிப்ட் முடிய இன்னும் அரை மணி இருக்கு. வெயில்ல நிக்காதீங்கன்னா கேக்க மாட்டார். ஆத்துப் பாலத்துல எதிர்காத்து அடிச்சா, என்னையும் பின்னாடி வெச்சு மிதிக்க முடியாது. இறங்கி நடந்தே வருவோம்."

பேசப் பேச, சமயபுரத்துப் பெண் தயிர்சாதத்தை ஊட்டினாள். கிண்ணம் காலி. நான் செல்போனில் அம்மாவின் பேச்சைப் பதிவுசெய்துகொண்டே அழுதேன். மறுநாள் வீடியோவில் என் குரல் இருந்த இடத்தில் அம்மாவின் குரலைச் சேர்த்தேன். பிறகு தினமும் அது ஓடும், அம்மா தன் குரலோடு போட்டி போட்டுப் பேசுவாள். ஒரு நாள் "இந்தப் பொம்பளை நல்லா பேசறா" என்று தனக்கே சான்றிதழ் கொடுத்தாள்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். தோள்பையில் ஃபாரம். அம்மா அவனைப் பார்த்து மரியாதையாக, "உட்காருங்க" என்றாள். அவன் முகம் தொங்கிப்போய் என்னைப் பார்த்தான். நான் டேப்லெட்டை அம்மாவின் முன் வைத்து, தயிர்சாதக் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தேன்.

மணி அடித்தது. அம்மா ஆரம்பித்தாள். எக்ஸ்சேஞ்ச், தோழிகள், சைக்கிள், எதிர்காற்று. நடுவில் புதிதாக ஒன்றும் சொன்னாள்: பையன் பிறந்த அன்று அப்பா மூன்று ஊருக்கு டிரங்க் கால் புக் செய்து, மூன்றிலும் சந்தோஷத்தில் பேச முடியாமல் வைத்துவிட்டாராம். தம்பி ஊட்டுவதை நிறுத்தினான். "கை ஏன் நின்னுடுச்சு? போடுங்க" என்று அம்மா வாயைத் திறந்தாள்.

கிண்ணம் காலியானதும் அவன் பையைத் திறந்து, அந்த ஃபாரத்தை எடுத்து நான்காகக் கிழித்து என் கையில் வைத்தான். "ஜெயிச்சிட்டேக்கா. அம்மா இங்கேயே இருக்கட்டும். மாசம் ஒரு வாரம் நான் வந்து பாத்துக்கறேன்." நான் ஜெயித்தேன்தான். ஒளிக்கவா முடியும்? வாயெல்லாம் பல்லாக நின்றேன்.

திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்த வீடியோ ஒரு வழியாக முடிந்து திரை இருண்டது. அம்மா அந்தக் காலத்து ஆபரேட்டரின் விறைப்போடு நிமிர்ந்து, தம்பியைப் பார்த்தாள்.

"மூணு நிமிஷம் ஆச்சு. எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?"

தம்பி கையை ரிசீவர்போலக் காதில் வைத்துக்கொண்டான்.

"பண்ணுங்க மேடம்."