கடைசிப் பையன் கை கழுவும் வரை

எங்கள் வேதியியல் துறையில் அவளுக்குக் 'கண்ணாடி மேடம்' என்று பெயர். மேடமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. என்னைப் போல அவளும் ஆராய்ச்சி செய்கிறவள்தான். பட்டம் வாங்குகிற வரைக்கும் நாங்கள் இளநிலைப் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு எடுக்க வேண்டும். நான் எடுக்கிற லட்சணம் ஊருக்கே தெரியும்: வாசல் பக்கம் ஒரு நாற்காலி, கையில் போன். அவள் மேசைக்கு மேசை நடந்துகொண்டே இருப்பாள். "கண்ணுக்குப் போடச் சொன்ன கண்ணாடியைத் தலையில எதுக்குடா மாட்டியிருக்கே?" என்று அவள் போடும் கூச்சல் சுவரைத் தாண்டி என் அறைக்கு வரும்.

வருடத்தின் முதல் வகுப்பில் யாரையும் ஒரு குப்பியைக்கூடத் தொட விடமாட்டாள். கண்ணிலோ மேலிலோ அமிலம் பட்டால் கழுவ, அறை மூலையில் அவசர ஷவர் ஒன்று தொங்கும். சங்கிலியை இழுத்தால் குடம் குடமாகக் கொட்டும். ஒவ்வொருவரும் கண்ணை இறுக மூடி, இடது கையால் மேசை விளிம்பைத் தடவியபடியே அந்தச் சங்கிலி வரை நடந்து காட்ட வேண்டும். "என்னம்மா, கண்ணாமூச்சி சொல்லித் தர்றியா?" என்று பேராசிரியர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். அவர்தான் அவளுக்கு வழிகாட்டி. அவர் கையெழுத்துப் போடாமல் அவளுக்குப் பட்டம் கிடையாது. தையல் கடையிலிருந்து அவள் அம்மா போன் பண்ணும்போதெல்லாம், "கல்யாணமோ கையெழுத்தோ, ஏதாவது ஒண்ணு முடிஞ்சா சொல்லுடி" என்பாள்.

அந்தக் கண்ணாமூச்சியில் கோமாளித்தனம் செய்தவன், எல்லாரும் தடியன் என்று கூப்பிடும் ஒரு மாணவன். நாக்கைத் தொங்கப் போட்டுத் தள்ளாடி நடந்து வகுப்பையே சிரிக்க வைத்தான். அவளும் விடவில்லை. மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் அவனை மட்டும் திரும்பத் திரும்ப நடக்க வைத்தாள்.

தடியனுக்கு வாயைவிடக் கைதான் அதிகம் பேசும். பக்கத்து மேசை ஒல்லிப் பையனின் விரலை இழுப்பறைக்குள் வைத்து நசுக்கி விடை வாங்குவான். ஒருநாள் அவள், கரைசலை அளந்து சொட்டவிடும் தடியனின் ப்யூரெட்டைத் தொட்டுப் பார்த்தாள். குழாயில் ஒரு சொட்டு ஈரம் இல்லை; விடை மட்டும் சுத்தமாக வந்திருந்தது. ஒல்லியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள். அவன் வீங்கிய விரலைக் காட்டி அழுதான். "நான் சொன்னேன்னு தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுடுவான் மேடம்."

அவள் நேராகப் பேராசிரியரிடம் போனாள். நானும் கூடப் போனேன். "சார், ரெண்டு பேரையும் தனித்தனியாக் கூப்பிட்டுப் பேசுங்க. ஒல்லி சொன்னது அவனுக்குத் தெரியவே கூடாது." அவர் தலையை ஆட்டி, "சரி சரி, நான் பார்த்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொண்ட அழகைக் கேளுங்கள். அடுத்த வகுப்பில், பிள்ளைகள் அமிலத்தோடு வேலை செய்துகொண்டிருக்கும்போது உள்ளே வந்தார். இருவரையும் எல்லார் முன்னாலும் நிறுத்தினார். சுவருக்கு இந்தப்பக்கம் எனக்கே கேட்டது: "நீ இவன் விரலை நசுக்கினதை இவனே சொல்லிட்டான். இந்த வருஷம் நீ பாஸாக மாட்டே." அதற்குள் அவர் போன் அடித்தது, வெளியே போய்விட்டார். படித்த மனுஷன் செய்கிற காரியமா இது!

கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டு ஓடினேன். தடியன் ப்யூரெட் மாட்டும் இரும்பு ஸ்டாண்டை இரண்டு கையாலும் தூக்கியிருந்தான். முதல் அடியிலேயே ஒல்லியின் காது கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அவன் தரையில் விழுந்து கிடந்தான். இரண்டாவது அடி அவன் மண்டைக்கு வந்தது. அவள் குறுக்கே பாய்ந்து வலது கையைக் கொடுத்தாள். எலும்பு முறிந்த சத்தம் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. மூன்றாவது தடவை ஓங்கியபோது ஸ்டாண்டு அலமாரியில் இருந்த கந்தக அமில பாட்டிலில் பட்டது. பாட்டில் உடைந்து அவன் முகத்திலேயே கொட்டியது. அவன் கண்ணாடி வழக்கம்போலத் தலையில்தான் இருந்தது.

நான் ஒல்லியை வெளியே இழுத்துப் போட்டேன். "அந்த நாய் வெந்து சாகட்டும், நீ வெளிய வா!" என்று அவளிடம் கத்தினேன். அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றியது; அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அவள் காதில் வாங்கவே இல்லை. "எல்லாரும் வெளிய போங்க!" என்றாள். பிறகு அவனைப் பார்த்து, "டேய், கண்ணைக் கசக்காதே! மூடு! இடது கையை மேசை மேல வை! நட!"

"அக்கா! எரியுது அக்கா!" அதுவரை அவளை மரியாதையாக ஒரு வார்த்தை கூப்பிடாதவன்.

"தெரியும். நட!"

நடந்தான். ஓலமிட்டபடியே, கண்ணாடிச் சில்லு மேல் கால் வைத்து, மேசை விளிம்பைப் பிடித்து, கோணாமல் நேராக நடந்தான். அந்த வகுப்பிலேயே அந்த நடையை அதிகம் நடந்து பழகியவன் அவன்தான்.

அவள் இடது கையால் சங்கிலியை இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் வலி பொறுக்காமல் திமிறினான். அவன் முழங்கை அவளுடைய முறிந்த கையில் இடித்தது. அவள் வீறிட்டாள், ஆனாலும் தோளால் அவனைச் சுவரோடு சேர்த்து அழுத்தினாள். "நகர்ந்தே, நானே உன்னைக் கொன்னுடுவேன்! கண்ணைத் திற! தண்ணியில திற!" அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "என்னடா வேடிக்கை? வந்து பிடி இவனை!"

போனேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் போனேன். ஆம்புலன்ஸ் வரும் வரை மூன்று பேரும் அந்தத் தண்ணீரில் நின்றோம்.

அவனுக்கு ஒரு கண் முழுசாகப் பிழைத்தது. மற்றதில் புகை மூட்டமாகத் தெரிகிறதாம். தண்ணீருக்கு வரக் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டுமே போயிருக்கும் என்றார் டாக்டர்.

கல்லூரி முதல்வர் அறையில் விசாரணை; சாட்சியாக நானும் போயிருந்தேன். பேராசிரியர் முந்திக்கொண்டார். "அடிதடி நடக்கிற இடத்துல இவளுக்கு என்ன வேலை? ஓடி வந்து என்னைக் கூப்பிட்டிருக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "கையெழுத்தை நினைச்சுப் பேசும்மா" என்றார்.

அவள் கட்டுப் போட்ட கையோடு எழுந்தாள். "தனித்தனியாப் பேசுங்கன்னு சொன்னேன் சார். நீங்க சபையில நிறுத்தினீங்க."

முதல்வர் பேராசிரியரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார். "அது இருக்கட்டும்மா. உன் கையை உடைச்சவன் அவன். அவனுக்காக எதுக்கு உள்ளே நின்னே?"

"கடைசிப் பையன் கை கழுவிட்டு வெளிய போற வரைக்கும் வகுப்பு என்னோட பொறுப்பு சார். அன்னிக்கு அவன்தான் கடைசிப் பையன்."

பேராசிரியர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. புது வருடம் தொடங்கிவிட்டது. இதை எழுதும்போதே சுவருக்கு அந்தப்பக்கம் அவள் குரல் கேட்கிறது. "கண்ணை மூடு. இடது கையை மேசை மேல வை. நட."