மூன்று விசில் பஞ்சாமிர்தம்

பூண்டு விளையும் மலையூரான பூம்பாறையில், எங்கள் வீட்டில் பூண்டு போடாத பண்டம் காப்பி ஒன்றுதான். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான், ஒன்பது வயதில், பூண்டுக் கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தேன். ரத்தத்தில் வந்த நோய்க்காகத் தம்பியின் ஸ்டெம் செல்லை எனக்கு ஏற்றியிருந்தார்கள். மலையை விட்டிறங்கி, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கண்ணாடி அறையில் கிடந்தேன். தம்பி கொடுத்தது பிடித்துக்கொண்டது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, அவன் கண்ணாடிக்கு வெளியே நின்று என்னை ஒரு முதலாளியைப் போலப் பார்த்தான்.

செல் பிடித்துக்கொண்டது; சோறுதான் இறங்கவில்லை. வாயெல்லாம் புண். அது ஆறிய பிறகும் எதைத் தின்றாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போலவே இருந்தது. மூக்கு வழியாக விட்டிருந்த குழாயில் சத்துமாவுப் பால் இறங்கிக்கொண்டிருந்தது. வாயால் சாப்பிட்டால்தான் குழாயை எடுப்போம், எடுத்தால்தான் ஊர் என்று உணவு ஆலோசகர் சொல்லியிருந்தார். அம்மா ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே அறை எடுத்து, கொதிக்கக் கொதிக்கச் சமைத்துக் கொண்டுவருவாள். நான் வாயை இறுக மூடிக்கொள்வேன். அவளும் திட்டித் திட்டி ஓய்ந்துபோனாள்.

அப்போதுதான் மாமா வந்தார். எனக்காகப் பழனியில் மொட்டை போட்டு, ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தோடு வந்திருந்தார். அதைச் சட்டைக்குள் மறைத்துக் காவலாளியைத் தாண்டியதில் அவருக்குத் தனிப் பெருமை. அம்மா கதவருகிலேயே மறித்துவிட்டாள். வேகாத பழம், தேன் எதுவும் எனக்கு ஆகாது. ஒரு கிருமி போதும். திருநீற்றுத் தட்டைக் கண்டால் நின்று பூசாமல் போகாத அம்மா, அன்று பிரசாதத்தைக் கையால் தொடவில்லை.

“சாமி குடுத்ததுல என்னக்கா கிருமி?” என்றார் மாமா.

“அது சாமிக்கே தெரியும். நீ மொதல்ல வெளிய கொண்டு போ” என்றாள் அம்மா.

ஆனால் டப்பாவைப் பார்த்த என் கண்ணையும் அவள் பார்த்திருக்கிறாள். நேரே உணவு ஆலோசகரிடம் போய், வேகவைத்தால் பஞ்சாமிர்தம் ஆகுமா என்று கேட்டாளாம். அவர் சிரித்துவிட்டு, டப்பாவில் இருப்பது கூடாது, தேனும் கூடாது, மற்றதைப் புதிதாக வாங்கி நன்றாக வேகவைத்துக் கொடுங்கள் என்றிருக்கிறார். மலை வாழைப்பழம் தேடி மாமாவின் மொட்டைத் தலை வெயிலில் ஊரெல்லாம் அலைந்தது. பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, நெய் எல்லாம் குக்கருக்குள் போய், மூன்று விசில் வந்தது. முருகனுக்கு இப்படியொரு நைவேத்தியத்தை யாரும் படைத்திருக்க மாட்டார்கள்.

பார்க்கக் கறுப்பாக, களி மாதிரி இருந்தது. முதல் ஸ்பூன் துரு. இரண்டாவதில் நெய் மணத்தது. மூன்றாவதில், இனிப்பு என்றால் என்னவென்று என் நாக்குக்கு ஞாபகம் வந்தது. சந்தோஷத்தில் கிண்ணத்தையே வழித்துத் தின்றுவிட்டேன்.

“இன்னும் வேணும்மா” என்றேன்.

நர்ஸ் ஓடிப்போய் அதைக் குறிப்பேட்டில் எழுதினார். கண்ணாடிக்கு வெளியே மாமா, தம்பியைத் தோளில் தூக்கிவைத்து, காவடி எடுத்தவர் போல ஆடினார். நான்காம் நாள் குழாயை எடுத்தார்கள். பூண்டு அறுவடைக்கு நான் ஊரில் இருந்தேன்.

ஆனால் இன்னும் வேண்டும் என்று நான் கேட்ட அந்த நேரத்தில் அம்மா மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பி, குலுங்கிக் குலுங்கி அழுதாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. குக்கரில் தீர்ந்துபோயிருக்கும், பாவம், கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

“இல்லாட்டி பரவால்லம்மா. நாளைக்குச் செஞ்சு தா” என்றேன் பெருந்தன்மையாக.

அவள் அழுகை இன்னும் கூடிவிட்டது.