பூஜ்யம் தோற்கடித்த வழி

ஆல்பர்க் நகரில் பால்பண்ணைகளுக்குப் புள்ளியியல் ஆலோசனை சொல்லும் அலுவலகத்தில் குட்ருன் ரவுன்கில்தேவுக்குப் பத்தொன்பது வருடம். வெண்ணெய்ப் பொட்டலங்களின் எடை ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறிச் சிதறுகிறது என்று இரண்டே பொட்டலங்களை நிறுத்து ஊகிக்க ஆறு வழிகள் இருந்தன. அவற்றில் எது நல்லது என்று தீர்ப்புச் சொல்வது அவள் வேலை. வேலை அவளுக்கு வெல்லக்கட்டி.

உண்மைச் சிதறல் தனக்கு மட்டும் தெரிந்த எண்களைக் கணினியில் உருட்டி, ஆறு வழிகளையும் ஊகிக்க விடுவாள். பிறகு ஒவ்வொரு தவறையும் அதே எண்ணால் பெருக்கி, அந்த வர்க்கங்களைக் கூட்டுவாள். குறைவாக வந்தது முதலிடம். அவளே உருவாக்கிய வழி முதலில் நின்றது. பக்கத்து மேசை டோர்கிலின் வழி கடைசி. இந்த வரிசையை வைத்து எட்டு வருட உழைப்பில் அவள் எழுதிய கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பண்ணைகள் அதை நம்பித்தான் பொட்டலம் கட்டும்.

வியாழனன்று டோர்கில் வந்து நின்றான்.

“குட்ருன், ஏழாவதா ஒரு வழி இருக்கு. சேத்துக்கோயேன்.”

“என்னது?”

“எதையும் நிறுக்கவே வேணாம். சிதறல் பூஜ்யம்னு சொல்லிட்டுப் போயிட வேண்டியதுதான்.”

“போடா, தோத்த கடுப்புல உளறாத.”

“ஓட்டித்தான் பாரேன். உனக்கென்ன பயம்?”

ஓட்டினாள். பூஜ்யம் டோர்கிலின் வழியைத் தோற்கடித்தது. விழுந்து விழுந்து சிரித்தவள் பாதியில் நிறுத்தினாள். குறைத்துச் சொல்பவனின் தவறு உண்மை அளவைத் தாண்டவே முடியாது. கூட்டிச் சொல்பவனுக்கோ எல்லையே இல்லை. குறைத்துச் சொல்பவர்களுக்கெல்லாம் அவளுடைய அளவுகோல் செல்லம் கொடுத்திருக்கிறது. அவளுடைய வழியும் அப்படிக் குறைத்துச் சொல்லித்தான் ஜெயித்தது. அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. உடனே அச்சகத்துக்குப் போன் செய்து கையேட்டை அச்சிட வேண்டாம் என்றாள்.

அன்றே வேறொரு அளவுகோல் அமைத்தாள். அதில், ஊகம் பூஜ்யத்தை நெருங்க நெருங்க அபராதமும் எல்லையில்லாமல் ஏறியது. டோர்கிலின் வழி முதலிடம். அவளுடையது நான்காவது.

சொதப்பியவர்தான் மற்ற எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும் என்பது அலுவலக வழக்கம். வெள்ளிக்கிழமை காலை குட்ருன் ஆப்பிள் கேக்கோடு வந்தாள். டோர்கில் பெரிய துண்டாக எடுத்துக்கொண்டான். பிறகு கொஞ்சம் சங்கடப்பட்டான்.

“எட்டு வருஷம் போச்சே, குட்ருன்.”

“எங்க போச்சு? அச்சாகியிருந்தாத்தான் போயிருக்கும்” என்று சொல்லி, அவள் இன்னொரு துண்டு வெட்டினாள்.