பத்தொன்பது பிழைகளில் எட்டு

பென்சில்வேனியாவின் ஆலை நகரம் ஒன்றில் முப்பத்தாறு வருடம் அஞ்சலகத்தில் தபால் பிரித்து ஓய்வு பெற்றவர் லெஸ்டர் வோய்டாக். ஊர் பேஸ்பால் அணி சொந்த மைதானத்தில் ஆடிய எந்த ஆட்டத்தையும் 1987 முதல் அவர் பந்து பந்தாக நோட்டில் குறிக்காமல் விட்டதில்லை. மைதானத்தில் பென்சில், வீட்டுக்கு வந்ததும் அதன்மேல் மை. மூன்றாம் தளத்துக்குப் பின்னால் இருந்த ஜோடி இருக்கையில் ஒன்று அவருடையது, மற்றது அவர் மனைவியின் அண்ணன் டெல்பர்ட் குன்ஸுடையது.

அந்த ஆண்டு அணி ராமிரோ ஒகேந்தோ என்பவனை ஷார்ட்ஸ்டாப்பாக மூன்று வருடத்துக்கு எடுத்திருந்தது. இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே வரும் பந்தைத் தடுப்பது அவன் வேலை. டெல்பர்ட்டுக்கு அவனைக் கண்டாலே ஆகவில்லை. லெஸ்டரின் நோட்டுப்படி பழைய ஆள் கிப்ளி வருடம் முழுக்க ஏழு பிழைதான் செய்தான், பிடிக்க வேண்டிய பந்தை ஏழு தடவைதான் நழுவவிட்டான், இவன் பத்தொன்பது என்று காபிக் கடையில் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். செப்டம்பர் கடைசியில் அடுத்த வருட இருக்கைக்கான படிவம் வந்தது. இருவரும் கையெழுத்துப் போடாவிட்டால் ஜோடி இருக்கை கைவிட்டுப் போய்விடும்.

"இவன் ஆடுறத இன்னும் ரெண்டு வருஷம் என்னால பாக்க முடியாதுய்யா," என்றார் டெல்பர்ட். "அவன எடுத்தது சரின்னு உன் நோட்டு சொல்லட்டும், வெள்ளிக்கிழமை போடறேன். நீ சொன்னா ஆகாது, நோட்டு சொல்லணும்."

டெல்பர்ட் இல்லாமல் அந்த இடத்தில் உட்கார்வதை லெஸ்டரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நோட்டுகளை விரித்தார். போன வருடம் அந்த இடைவெளியில் அறுபத்தொரு பந்துகள் தாண்டிப் போயிருந்தன. இந்த வருடம் முப்பத்தெட்டு. இருபத்து மூன்று லாபம், பன்னிரண்டு பிழை நஷ்டம். சந்தோஷப்பட்டார். ஆனால் பந்து வீசுபவர்களும் மாறியிருந்தார்களே? கிப்ளி எட்டிப் பிடிக்க ஓடாமல் நின்ற பந்து அடித்தவன் கணக்கில் 'அடி'யாகப் போனது. ஒகேந்தோ பாய்ந்து தொட்டு நழுவவிட்டது அவன் பிழையானது. அப்படியானால் ஏழு என்பதற்கு என்ன அர்த்தம்? மறுபடி கூட்டினார். இன்னும் குழம்பியது.

மே பதினான்கின் கட்டத்தில் மைக்கு அடியில் ஏதோ அழித்த தடம் தெரிந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தார். முதலில் 'அடி' என்று எழுதி, அழித்து, 'பிழை' என்று எழுதியிருந்தார். பிழை, பிழை என்று பக்கத்தில் டெல்பர்ட் கத்தியது நினைவுக்கு வந்தது. அப்படி மாற்றிய கட்டங்கள் எட்டு இருந்தன. கால் வீங்கி டெல்பர்ட் வராத மூன்று ஆட்டங்களில் ஒன்றுகூட இல்லை. டெல்பர்ட் சொன்னது சரியென்று மாற்றினாரா, சத்தத்துக்குப் பயந்து மாற்றினாரா? எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காபிக் கடையில் நோட்டையும் பூதக்கண்ணாடியையும் மேசையில் வைத்தார்.

"இதுல எட்டுப் பிழை உன் வாய்ல வந்தது, டெல்."

டெல்பர்ட் கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். "பதினாலாந்தேதி நிஜமாவே பிழைதான்யா."

"இருக்கலாம்."

"சரி, அவன எடுத்தது சரியா தப்பா?"

"தெரியல. நாலு தடவ கூட்டிட்டேன். சத்தியமா தெரியல."

நோட்டைப் பற்றி லெஸ்டர் வாயிலிருந்து 'தெரியல' என்ற வார்த்தையை டெல்பர்ட் கேட்டதே இல்லை. படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த வருஷம் நான் வாயத் தொறக்கல. நீயே எழுது. அப்பறம் பேசிக்கலாம்."

ஒரு இன்னிங்ஸ்கூட அவரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. லெஸ்டர் அதைச் சொல்லாமல் தன் கையெழுத்தையும் தேதியையும் போட்டார். அந்த ஆண்டு நோட்டில் எட்டுக் கட்டங்களுக்குப் பக்கத்தில் பென்சிலில் கேள்விக்குறி இருக்கிறது. அவற்றின்மேல் அவர் மை போடவில்லை.