குவைத்துக்குப் போகுமுன் அண்ணன் வரைந்த தன் முகம்

அன்று வடமாலபேட்டை வீட்டில் இருந்தது நாலே பேர்: அண்ணன், அண்ணி, அவர்களுடைய எட்டு மாதப் பாப்பா, நான். கூடப்பிறந்த அண்ணன் இல்லை. திருப்பதியில் நாங்கள் வேலை செய்த போர்டு எழுதும் கடையில் எனக்கு மூத்தவர். தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்த காலம் அது. மஞ்சள் பலகையில் எழுத்து என் பங்கு, முகங்கள் அவர் பங்கு. வந்ததெல்லாம் பெரும்பாலும் இறந்தவர்களின் முகம்தான். ரேஷன் கார்டில் கட்டைவிரல் அளவுக்கு இருக்கும் படத்தைக் கொண்டுவந்து, சுவரில் மாட்டுகிற அளவுக்கு வரைந்து தரச் சொல்வார்கள். அண்ணன் அந்த முகத்துக்கு ஒரு கோட்டு மாட்டுவார், அம்மைத் தழும்பை மறைப்பார், நரையைக் கறுப்பாக்குவார். சித்தூர் வரைக்கும் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அவருடைய கோட்டுக்காரர்கள் மாலையோடு இருந்தார்கள்.

குவைத்தில் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை கிடைத்ததும், ஜன்னலில் கண்ணாடியைச் சாய்த்துவைத்து, தன்னையே வரைய உட்கார்ந்துவிட்டார். எனக்கு அது அபசகுனமாகப் பட்டது. நான் ஏழாவதோடு பள்ளிக்கூடம் விட்டவன். எதைப் பார்த்தாலும் கெட்டதுதான் முதலில் தோன்றும். அண்ணி என்னை முந்திக்கொண்டாள்.

“உசுரோட கீற மனுசன் படத்த யாராவது ஆணில மாட்டுவாங்களா? இன்னாய்யா, பைத்தியமா உனுக்கு?”

“செத்தவங்கதான் நேரா பாப்பாங்க. நான் திரும்பிப் பாத்துக்கினு கீறேன் பாரு.”

“கோட்டாவது போட்டுக்கோண்ணா, பாரின் போறவரு,” என்றேன்.

“பாப்பாவுக்கு என்னைத் தெரியணும்டா. அப்பறம் எவனோ கோட்டுக்காரன் வருவான்னு பாத்துக்கினு இருக்கும்.”

ஒரு தழும்பைக்கூட அவர் விடவில்லை. கோணல் மூக்கு கோணலாகவே இருந்தது. அத்தனை பேரை அழகாக்கிய கை, தன் முகத்தில் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அவர் போனபின் அண்ணி அதைச் சுவரில் மாட்டினாள்; பொட்டும் வைக்கவில்லை, மாலையும் போடவில்லை. தினமும் பாப்பாவைத் தூக்கிக் காட்டி, “நைனாவுக்கு முத்தம் குடு” என்பாள்.

நாலு வருஷம் கழித்துத்தான் வந்தார். வெயில் கருக்கிய முகம், ஒட்டிப்போன கன்னம், தலையெல்லாம் நரை. பாப்பா அண்ணியின் புடவைக்குள் ஒளிந்துகொண்டது.

“இவுரு நைனா இல்ல. நைனா அங்க கீறாரு,” என்று சுவரைக் காட்டியது.

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஆகுமென்று எனக்கு அப்போதே பயம் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

அண்ணன் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. படத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, என்னிடம் வெள்ளைப் பெயிண்டும் பிரஷ்ஷும் வாங்கினார்.

“என் மூஞ்சி எனுக்கே தெரியலம்மா. எங்கெங்க நரைச்சிக்கீதுன்னு நீ பாத்துச் சொல்லு.”

பாப்பா எட்ட நின்றே காதோரத்தைக் காட்டியது. படத்தின் காதோரத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. கொஞ்சம் கிட்டே வந்து நெற்றியைக் காட்டியது. அங்கே இன்னொன்று. அவர் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே முழங்கால்வரை வந்துவிட்டது. அப்புறம் கையை நீட்டி அவர் மீசையைத் தொட்டு, “இங்க உட்டுட்டியே நைனா,” என்றது.