பக்கத்துக் கட்டில்காரர் செய்த வாழ்த்து அட்டை

ஆவடியில் அம்மாவுக்கு டயாலிசிஸ் செய்யும் இடத்தில், பக்கத்துக் கட்டிலில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் படுத்திருப்பார். இடது கையில் ஊசி இருக்கும். வீட்டிலேயே வெட்டிக்கொண்டு வந்த காகிதப் பூக்களை வலது கையால் அட்டையில் ஒட்டிக்கொண்டிருப்பார். அங்கே வரும் நோயாளிகளின் பிறந்த நாளுக்கெல்லாம் அவர் செய்த வாழ்த்து அட்டை உண்டு.

ஒருநாள் அம்மாவிடம் கேட்டார்.

"உன் பொறந்தநாளு என்னிக்கிம்மா?"

"யாருக்குத் தெரியும்? எங்க ஊட்ல எவனும் எழுதி வெக்கல."

"அப்போ இன்னிக்கே வெச்சுக்கலாம். நாலு மணி நேரம் கீதே, செஞ்சிடறேன்."

அம்மாவுக்கு வாழ்நாளில் வந்த முதல் பிறந்த நாள் வாழ்த்து அது. ஆட்டோவில் வீடுவரை மடியிலேயே வைத்திருந்தாள்.

போன மாதம் அவர் இறந்துவிட்டதாக நர்ஸ் சொன்னபோதுதான், அவருடைய பிறந்த நாளை நாங்கள் யாருமே கேட்டதில்லை என்பது உறைத்தது.